கொடித்துணியில் ஒரு புள்ளி

இதற்கு முந்திய அத்தியாயங்களில் துப்பறிவாளர் சீவரத்தினம் ஒரு களவையும் கண்டுபிடிக்கவில்லை. ஆகையால் இந்த இடத்தில் வந்து ஏறுகிற வாசகர் எதையும் தவறவிடவில்லை. காணாமல் போன ஆடு தானாகத் திரும்பி வந்தது. களவு போன சைக்கிளைச் சொந்தக்காரருடைய தம்பிதான் கொண்டுபோயிருந்தான். இரண்டு வழக்கிலும் சீவரத்தினம் வேறு ஆட்களைச் சந்தேகித்து, பிறகு அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தார்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் அவர் நேரக்காப்பாளராக இருந்தவர். பிந்தி வருகிறவன் சொல்லும் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று அங்கே பெயர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து இணுவிலுக்கு வந்த பிறகு, பிடிக்கப் பொய்யும் இல்லை, வாங்கச் சம்பளமும் இல்லை. மச்சானுடைய புகையிலைக் குடிலின் வாசலில் ஒரு மேசையைப் போட்டு, துப்பறிகிறேன் என்று அறிவித்துவிட்டார். இப்போது தொண்ணூற்றுமூன்று. அறிவிப்பை ஊர் பகிடியாக எடுத்துக்கொண்டது.

உதவியாளன் யாகோப்பு குருநகர்க்காரன். கடலுக்குப் போகத் தடை விழுந்ததும் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இணுவிலுக்கு வந்தவன். சைக்கிள் அவனுடையது. ஆகவே துப்பறிவாளர் குற்றவாளிகளைத் துரத்துவதெல்லாம் கரியரில் இருந்துதான்.

அன்று காலை வந்தவர் கந்தரோடைத் தியாகராசா. நிலஅளவைப் படம் வரைந்து ஓய்வு பெற்ற மனிதர். கோடு ஒரு மயிரிழை விலகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. கதிரையில் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"சீவரத்தினம், இது வெளியிலை போகப்படாது."

"எங்களிட்டை வந்தது ஒண்டும் வெளியிலை போனதில்லை ஐயா," என்றான் யாகோப்பு. "முடிவுகூடப் போனதில்லை."

சீவரத்தினம் அவனை முறைத்தார். அந்த முறைப்பைத் தொழிற்சாலையில் மதித்தார்கள்.

"என்ரை காசொண்டு களவு போட்டுது," என்றார் தியாகராசா. "கொடியிலை புள்ளி வைச்ச காசு."

கந்தரோடையில் மழை விட்ட பிறகு தோட்டத்து மண்ணில் நடந்தால் பழங்காசு காலில் தட்டுப்படும். ரோமாபுரிக் காசுகளும் அதற்குள் இருக்கும். விரல் நகத்தளவு செம்புக்காசு. ஒரு பக்கம் ராசாவின் தலை. மறுபக்கம் ஈட்டி பிடித்த இரண்டு போர்வீரர், நடுவில் ஒரு கம்பத்தில் கட்டிய கொடித்துணி. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரித்தான் என்று சாதாரண மனிதன் சொல்லுவான். தியாகராசா சாதாரண மனிதர் அல்லர். ஒரு காசில் ஈட்டி கொஞ்சம் சரிந்திருக்கும். ஒன்றில் காலடியில் உள்ள எழுத்து மாறியிருக்கும். கண்ணில் உருப்பெருக்கி வில்லையை வைத்துப் பார்த்து, இப்படிச் சின்னச் சின்ன வித்தியாசம் உள்ளவற்றை மட்டுமே அவர் சேர்த்தார். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நெருப்புப்பெட்டிக்குள் வைத்தார். குண்டு போடப் பொம்பர் வந்தால் முதலில் நெருப்புப்பெட்டிகள்தான் பதுங்குகுழிக்குள் இறங்கும், மனைவி பிறகு.

அவற்றுள் சிரேட்டமானது கொடித்துணியின் நடுவில் ஒரு புள்ளி உள்ள காசு. அப்படி ஒன்று அவரிடம் மட்டுமே இருந்தது.

"அதின்ரை பெறுமதி என்ன?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"கடையிலை குடுத்தால் ஒரு தோடம்பழ இனிப்பும் தரமாட்டாங்கள். இந்தக் குடாநாட்டிலை அதின்ரை அருமை தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே பேர். ஒண்டு நான். மற்றது உடுவில் கதிரவேலு."

"அப்ப கள்ளனும் தெரிஞ்சு போச்சு," என்றான் யாகோப்பு. "நாங்கள் என்னத்துக்கு?"

தியாகராசாவின் முகம் கறுத்துவிட்டது. கதிரவேலு ரயில் ஓடின காலத்தில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். அவரும் காசு சேர்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரு மேசையில் இருந்து, ஒரு ஈட்டி சரிவா நேரா என்று பொழுது படும்வரை சண்டை பிடிப்பார்கள். அந்தக் கதிரவேலுவின் மகனுக்குத்தான் தியாகராசா தன் ஒரே மகள் அருந்ததியைப் பேசிச் செய்கிறார். போன ஞாயிறு கதிரவேலு வந்து போனார். அதற்குப் பிறகு காசைக் காணவில்லை. நேற்றுத் தியாகராசா அவருடைய வீட்டுக்குப் போனபோது, சாமியறையில் ஒரு தாம்பாளத்தில், வெற்றிலைக்கு மேலே, அந்தக் காசு கிடந்தது.

"அந்தப் புள்ளி எனக்குத் தெரியாதோ?" என்றார் தியாகராசா. "ஒண்டும் பேசாமல் திரும்பி வந்திட்டன். சம்பந்தியிட்டை நிண்டு, நீர் களவெடுத்தனீரோ எண்டு கேக்கேலுமோ? நீங்கள் விசாரிச்சுச் சொல்லவேணும். நாளைக்குக் காலமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருகினால் பிறகு பேச்சில்லை. உவன் கள்ளன் எண்டால் அதுக்கு முதல் நான் கலியாணத்தை நிப்பாட்டவேணும். கள்ளன் வீட்டுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன்."

சொல்லி முடித்தவர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். காசுக்காகவா கதிரவேலுவுக்காகவா என்று சீவரத்தினத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கந்தரோடையில் தியாகராசாவின் வீடு கலியாணக் களையோடு இருந்தது. விறாந்தையில் பெண்கள் மஞ்சள் இடித்தார்கள். சீவரத்தினம் நேரே நெருப்புப்பெட்டி அலுமாரிக்குப் போய், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாத துப்பறிவாளர் குனிந்தாவது பார்க்கவேண்டும். பெட்டிகள் வரிசை குலையாமல் இருந்தன. வெறும்பெட்டியும் தன் இடத்திலேயே இருந்தது. அதன் உள்தட்டில் மஞ்சளாய் ஒரு விரல் அடையாளம்.

"மஞ்சள்," என்றார் சீவரத்தினம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "கள்ளன் கோயிலோடை சம்பந்தப்பட்ட ஆள். மந்திரம், பூசை, அப்பிடி ஏதோ கிடக்கு."

"அல்லது மஞ்சள் பூசிக் குளிக்கிற கள்ளன்," என்றான் யாகோப்பு. "அண்ணை, எனக்கொரு சந்தேகம். களவெடுக்கிறவன் பெட்டியை ஏன் திருப்பி அடுக்கிறான்? எங்கடை வீட்டிலை பெட்டியை அதின்ரை இடத்திலை வைக்கிறது கூட்டித் துடைக்கிற ஆள் மட்டும்தான்."

"நீ பேசாமல் இரு."

"மற்றது, இவ்வளவு காசும் பச்சைக் களிம்பு பிடிச்சுக் கிடக்கு. அந்தக் காசும் இப்பிடித்தானோ ஐயா?"

"அதைமட்டும் நான் புளி போட்டு மினுக்கினனான்," என்றார் தியாகராசா. "புள்ளி வடிவாத் தெரியவேணுமெண்டு."

"அப்ப விசயம் தெரிஞ்சவனும் அதைத்தான் எடுப்பான். ஒண்டும் தெரியாதவனும் பளிச்செண்டு கிடக்கிற அதைத்தான் எடுப்பான்."

இது நல்ல யோசனை என்று சீவரத்தினத்துக்கு உடனே விளங்கியது. உதவியாளன் சொன்னது என்ற காரணத்தால் அதை உடனேயே ஒதுக்கிவிட்டார். இந்தப் பழக்கம்தான் அவருடைய எல்லா வழக்குகளையும் நீட்டியது.

வாசல் படலையடியில் அருந்ததி பனங்கட்டியும் தேத்தண்ணியுமாக நின்றாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பெண். கண் சிவந்திருந்தது.

"மாமா, அப்பா என்னத்துக்கு உங்களைக் கூப்பிட்டவர்?"

"சும்மா, பழங்காசு பாக்க."

"நேற்றுத் துவக்கம் அவர் சாப்பிடேல்லை. அவை வீட்டுப் பேச்செடுத்தால் எழும்பிப் போறார். கலியாணம் நிக்கப்போகுதோ?" அவள் தேத்தண்ணியை நீட்டினாள். "எனக்கு அவரைத்தான் விருப்பம். அதை அப்பாட்டை நான் சொல்லேலாது. நீங்கள் சொல்லுங்கோ."

பிள்ளைகளின் கண்ணீருக்குச் சீவரத்தினம் பழக்கமில்லாதவர். பனங்கட்டியை முழுதாய் வாய்க்குள் போட்டுக்கொண்டார். அதனால் பதில் சொல்லவேண்டி வரவில்லை.

உடுவிலுக்கு மாறுவேடத்தில் போவதென்று முடிவாயிற்று. கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்க வந்தவர்கள். வேடம் என்பது ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஒரு வெறும் போத்தலும்.

"உந்தப் போத்தலுக்குள்ளை நேற்றுவரைக்கும் மண்ணெண்ணெய் இருந்தது அண்ணை," என்றான் யாகோப்பு, மிதித்துக்கொண்டே. "எந்தக் கிணத்துத் தண்ணியை விட்டாலும் நஞ்செண்டுதான் காட்டும்."

ஒழுங்கையில் விளையாடிய பொடியள், "துப்பறியிற மாமா வாறார்" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். கதிரவேலு படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ சீவரத்தினம். ஆரின்ரை வழக்கு?"

"வழக்கொண்டுமில்லை. தண்ணி பரிசோதிக்க வந்தனாங்கள்."

"கண்ணாடியைக் கழட்டினால்தானே கிணறு தெரியும்," என்றார் கதிரவேலு, பெரிய மனதோடு.

கலியாண வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் விடுவதில்லை. பயத்தம் பணியாரம் வந்தது. கடித்துக்கொண்டிருக்கும்போது கதிரவேலுவே பேச்சைத் தொடங்கினார்.

"நீங்கள் தியாகராசா வீட்டுக்கும் போய் வாற ஆள். இஞ்சை வாங்கோ, ஒண்டு காட்டுறன்."

சாமியறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். தாம்பாளத்தில் ஒரு பவுண்காசு. அதற்குப் பக்கத்தில், வெற்றிலையில், அந்தச் சின்னச் செம்புக்காசு. சீவரத்தினம் குனிந்தார். இரண்டு வீரர், ஒரு கொடி, நடுவில் ஒரு புள்ளி. மொட்டு ஊசியால் குத்தின அளவு. இதற்காகவா ஒரு மனிதன் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"பவுணோடை கலக்க ஒரு துணுக்குப் பழஞ்செம்பு வேணுமெண்டு தாலி செய்யிற பத்தர் கேட்டவர்," என்றார் கதிரவேலு. "பெண்வீட்டாலை வந்தால் நல்லமெண்டும் சொன்னவர். நான் ஒரு ஓட்டைச் செம்பு வருமெண்டு நினைச்சன். வெத்திலையிலை சுத்தி இது வந்திருக்கு. சீவரத்தினம், உங்களுக்கு உது விளங்காது. அவன் தன்ரை உயிரை அனுப்பிப்போட்டான். வேறை காசு அவனிட்டைக் கணக்கில்லாமல் கிடக்கு. மகளின்ரை தாலிக்கெண்டு இதை எடுத்திருக்கிறான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேற்று வந்தவன், தட்டிலை இதைக் கண்டான். ஒரு சொல்லுப் பேசேல்லை. திரும்பிப் போட்டான். தாங்கேலாமல் போட்டுது அவனுக்கு. நான் முப்பது வரியமா அவனோடை சண்டை பிடிக்கிறன். இவ்வளவு பெரிய மனிசனெண்டு எனக்குத் தெரியாது."

யாகோப்பு பணியாரத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டான். சீவரத்தினத்துக்குத் தலைக்குள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. திருப்பி அடுக்கிய பெட்டி. மஞ்சள் விரல். பளிச்சென்று கிடந்த காசு. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வழக்கு முடிந்துவிட்டதை உணர்ந்தார். சந்தோசப்பட முடியவில்லை என்பதும் கூடவே தெரிந்தது.

தண்ணீர் எடுக்காமலே வெளிக்கிட்டார்கள்.

கந்தரோடையில் தியாகராசாவின் மனைவி பாலேஸ்வரி மஞ்சள் உரலுக்கு முன்னால் இருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை மஞ்சள். பக்கத்தில் அருந்ததி. சீவரத்தினம் கேட்டதும் பாலேஸ்வரி நிமிர்ந்தாள்.

"ஓம், நான்தான் குடுத்தனான். அதுக்கென்ன?"

தியாகராசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

"உங்களைக் கேட்டுத்தான். நீங்கள் கண்ணிலை அந்த வில்லையை வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். இஞ்சேருங்கோ, பத்தருக்குச் செம்பு வேணுமாம், ஒரு காசு எடுக்கட்டோ எண்டு கேட்டன். ஓம் எண்டனீங்கள். களிம்பு பிடிச்சதைத் தாலிக்குக் குடுக்கேலாது, இந்தச் சிவப்பாக் கிடக்கிறதை எடுக்கட்டோ எண்டு திருப்பியும் கேட்டனான். அதுக்கும் ஓம் எண்டனீங்கள்."

"நானும் பக்கத்திலைதான் நிண்டனான் அப்பா," என்றாள் அருந்ததி.

தியாகராசா மடியிலிருந்த வில்லையைத் தடவிப் பார்த்தார். வில்லை கண்ணில் இருக்கும்போது வீடு பற்றி எரிகிறது என்றாலும் அவர் ஓம் என்றுதான் சொல்லுவார். அது அவருக்கே தெரியும்.

"கள்ளன் பிடிபட்டான் அண்ணை," என்றான் யாகோப்பு மெல்ல. "முறைப்பாடு தந்தவர்தான்."

சீவரத்தினம் கதிரவேலு சொன்னதையெல்லாம் சொன்னார். உயிரை அனுப்பிவிட்டான் என்றதையும், கண்ணைத் துடைத்ததையும் சேர்த்துச் சொன்னார். தியாகராசா அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இப்ப போய்க் கேட்டு வாங்கேலாதோ?"

"வாங்கலாம். நான் தரேல்லை, தெரியாமல் வந்திட்டுது எண்டு சொல்லி வாங்கவேணும்."

"வேறை காசொண்டை மாத்திக் குடுத்தால்?"

"அவர் பாத்தவுடனை கண்டுபிடிப்பார். குடாநாட்டிலை ரெண்டு பேருக்குத்தானே தெரியும்."

அருந்ததி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நீங்களும் வாங்கோ," என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். அது ஓமா இல்லையா என்று துப்பறிவாளருக்கும் பிடிபடவில்லை. அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. மற்றவர் குடும்பத்துக்காக நித்திரை முழிப்பது இந்தத் தொழிலில் வருமென்று அவர் வாசித்த புத்தகம் ஒன்றிலும் இருக்கவில்லை.

மறுநாள் காலை உடுவிலில் இரண்டு பக்கத்துச் சனமும் நிறைந்திருந்தது. கூடத்தில் குத்துவிளக்கும் நிறைகுடமும். நடுவில் பத்தர் உமிச்சட்டியில் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். பொன்னுருக்குக்கு மணப்பெண் வருவதில்லை. அருந்ததி கந்தரோடையில் காத்திருந்தாள். தியாகராசா முன்வரிசையில், பட்டு வேட்டியோடு, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

கதிரவேலு சீவரத்தினத்தின் முழங்கையைப் பிடித்து மாட்டுக்கொட்டில் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் போன பிறகு யோசிச்சனான்," என்றார். "தண்ணி பாக்க வந்த ஆள் கிணத்தடிக்கே போகேல்லை. அண்டைக்கு அவன்ரை முகத்தையும் திருப்பி நினைச்சுப் பாத்தன். அது அழுகை வந்த முகமில்லை, கோவம் வந்த முகம். அவன் என்னைக் கள்ளனெண்டு நினைச்சவன். ஓமோ?"

பொய்யை முகத்தில் பிடிக்கிற மனிதருக்கு, தன் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இல்லை," என்றார். "அப்பிடி ஒண்டுமில்லை."

கதிரவேலு தலையை ஆட்டினார். "உங்களுக்குப் பொய் சொல்ல வராது. பரவாயில்லை. எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குத் தெரியவேண்டாம். பிள்ளையள் சந்தோசமா இருக்கட்டும்." முப்பது வருடச் சிநேகிதன் தன்னைக் கள்ளன் என்று நினைத்தது அவருக்கு வலித்தது. அதை விழுங்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

பவுண், உருக்குகிற மண்கிண்ணமான குகைக்குள் போயிற்று. பத்தர் செம்புக்காசைக் குறட்டால் தூக்கினார்.

"முழுசும் தேவையில்லை. சாங்கியத்துக்கு ஒரு துணுக்குக் காணும். எந்தப் பக்கம் வெட்ட?"

"ஓரத்தாலை," என்றார் கதிரவேலு அவசரமாக. "எழுத்துக் கிடக்கிற பக்கம். கொடியிலை முட்டவேண்டாம். அந்தப் புள்ளி தப்பவேணும்."

அப்போதுதான் தியாகராசா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கூடத்திலிருந்த அத்தனை பேருக்குள்ளும் அந்தப் புள்ளிக்காகப் பதைத்தது அவர் கள்ளன் என்று நினைத்த இந்த ஒரே மனிதர்தான். சீவரத்தினம் இருந்த இடத்திலிருந்து தியாகராசாவின் கண் நிறைவது தெரிந்தது.

"இல்லை," என்றார் தியாகராசா. "கொடிக்குள்ளாலை வெட்டுங்கோ. அந்தப் புள்ளி என்ரை பிள்ளையின்ரை தாலிக்குள்ளை இருக்கட்டும்."

"உனக்கென்ன விசரோ?" என்றார் கதிரவேலு. கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

பத்தருக்கு எல்லாச் செம்பும் செம்புதான். கத்தரியை வைத்து வெட்டினார். துணுக்கு நெருப்புக்குள் போனபோது தியாகராசா எழும்பி, பத்தரிடமிருந்து ஊதுகுழலை வாங்கித் தானே ஒரு மூச்சு ஊதினார். புரையேறி இருமினார். கதிரவேலு அவர் முதுகில் தட்டிக்கொண்டு நின்றார்.

யாகோப்பு சீவரத்தினத்தின் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, சம்பந்தப்பட்ட ஆக்கள் எல்லாரும் ஒரு கூடத்துக்குள்ளை இருக்கினம். பெரிய துப்பறிவாளர்மார் எழும்பி நிண்டு விசயத்தை உடைக்கிறது இந்த இடத்திலைதான்."

உண்மை. இப்படியொரு சபை கிடைக்காதா என்றுதான் சீவரத்தினம் இத்தனை காலமும் ஏங்கியது. கண்டுபிடித்த ஒரே வழக்கு இது. சொல்லக்கூடாத வழக்காகவும் இதுதான் வந்து வாய்த்திருந்தது. அவர் எழும்பினார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பணியாரத் தட்டம் இருந்த பக்கம் நடந்தார்.

வரும் வழியில் கந்தரோடையில் சைக்கிளை நிறுத்தினார்கள். அருந்ததி படலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"பொன் உருகினதோ மாமா?"

"உருகினது."

அவள் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காசு?"

"அப்பாதான் குடுத்தவர்," என்றார் சீவரத்தினம் கரியரில் இருந்தபடியே. "முதல் தரம் தெரியாமல். ரெண்டாம் தரம் தெரிஞ்சு."